மனபாரம் கிலோ என்ன விலை?

பெரிய ஆஸ்பத்திரியின் பின்பக்கத் தெருவில், மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் அப்படி ஒரு கூட்டம். படிக்கட்டில் இடம் கிடைக்காதவர்கள் தெருவில் நின்றார்கள். தெருவிலும் இடம் கிடைக்காதவர்கள் ஆஸ்பத்திரிச் சுவரில் சாய்ந்து நின்றார்கள். ஆஸ்பத்திரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். கதையே அதில்தான் இருக்கிறது.

மாடியில் ஒரு போர்டு. 'மனபாரம் இறக்குமிடம்'. அதற்குக் கீழே கொஞ்சம் சின்ன எழுத்தில், 'எடை போட்டு நிரூபிக்கப்படும்'.

கவலையைத் தீர்த்துவைப்பதாகச் சொன்ன மகான்கள் எத்தனையோ பேர் உண்டு. கவலையைக் கிலோக் கணக்கில் நிறுத்துக் காட்டியவர் இவர் ஒருவர்தான். எல்லோரும் அவரைப் பாரம் ஐயா என்றார்கள். சாம்பல் நிற ஜிப்பா, பஞ்சில் சுற்றியது போன்ற குரல், யாரைப் பார்த்தாலும் பாதி மூடிய கண்கள். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் பின்னால் போலீசுக்கு வசதியாக இருந்திருக்கும்.

முறை ரொம்ப எளிது. காணிக்கையைக் கட்டிவிட்டு ஹாலில் நுழைந்ததும் வலது பக்கம் ஓர் எடை மெஷின். ஏறி நின்றால் சுவரில் இருக்கும் பெட்டியில் சிவப்பாக எண் எரியும். அங்கே வேலை பார்க்கும் பெண் அதை உரக்கப் படிப்பாள். பிறகு திரையை விலக்கிக்கொண்டு ஐயாவின் அறைக்குள் போக வேண்டும். உள்ளே இருட்டு. நடுவில் ஒரு கறுப்புக் கல். கல்லில் நெற்றியை வைத்து மனதில் இருப்பதை முணுமுணுக்க வேண்டும். அழுகை வந்தால் அழலாம். வராவிட்டால், வரும்வரை ஐயா பிடரியில் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டே இருப்பார். பிடரி வலியிலாவது வந்துவிடும். மணி அடிக்கும். மறுபக்கக் கதவு வழியாக வெளியே வந்தால், ஹாலின் இடது பக்கம் இன்னொரு எடை மெஷின். இங்கே எண் பச்சையாக எரியும். இரண்டு கிலோ குறைந்திருக்கும்.

"இறங்கிடுச்சு" என்பாள் அந்தப் பெண். கூட்டம் கை தட்டும்.

பிள்ளையைப் பறிகொடுத்தவருக்கும் இரண்டு கிலோ. பரீட்சையில் தோற்றவருக்கும் இரண்டு கிலோ. துக்கத்தில் இப்படி ஒரு சமத்துவத்தை எந்த அரசாங்கமும் கொண்டுவந்ததில்லை.

எதற்கு இரண்டு மெஷின் என்று யாரோ ஒருவர் கேட்டுவிட்டார். "துக்கத்தைச் சுமந்த மெஷின்ல சந்தோஷத்தை நிறுக்கலாமாப்பா?" என்றார் ஐயா. கேட்டவருக்கே கண் கலங்கிவிட்டது. நம் ஆட்களிடம் பதில் சரியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. குழைவாக இருந்தால் போதும்.

இந்தக் கூட்டத்தில்தான் பிரேக் மிஸ் ஒருநாள் வந்து நின்றாள்.

பிரேக் மிஸ் என்பது அவளிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள் வைத்த பெயர். டிரைவிங் ஸ்கூல் காரில் சொல்லிக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். அதன்மேல் கட்டைவிரலை வைத்தபடியே அவள் பாதி வாழ்க்கையை ஓட்டியிருந்தாள். கற்றுக்கொள்பவர் கம்பத்தைப் பார்த்துக் காரை விட்டாலும் குரல் உயராது. "கம்பம் நகராது சார், நாமதான் நகரணும்" என்பாள். அவ்வளவு நிதானம்.

அந்த நிதானம் ஒருநாள் போய்விட்டது. நடந்தது என்னவோ ஒன்றுமில்லை. ரவுண்டானாவில் ஒரு பேங்க் அதிகாரி பதறிப்போய் ஸ்டியரிங்கை விட்டுவிட்டார். எதிரே லாரி. மிஸ் பிரேக்கை மிதித்தாள். கார் நின்றது. லாரி உரசுகிற மாதிரி கடந்து போனது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. பேங்க் அதிகாரி ஒரு டீ குடித்துவிட்டு மறுநாள் வழக்கம்போல் வகுப்புக்கு வந்துவிட்டார். மிஸ்ஸால்தான் வர முடியவில்லை.

நடக்காத அந்த விபத்து அவள் உடம்புக்குள் தினமும் நடந்தது. குளிக்கும்போது நடந்தது. கடையில் மீதிச் சில்லறை வாங்கும்போது நடந்தது. நெஞ்சை யாரோ பிடித்து முறுக்குவார்கள். கை வியர்க்கும். மூச்சு பாதியில் நின்றுவிடும். இதோ சாகப்போகிறோம் என்று தோன்றும். சாக மாட்டாள். ஆனால் அடுத்த தடவையும் அதே நிச்சயத்தோடு தோன்றும்.

ஆஸ்பத்திரிக்குப் போனாள். நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் பார்த்தார்கள். "உங்க இதயம் நல்லா இருக்கு. இது பயத்துல உடம்பு செய்யற வேலை. மனநலப் பிரிவுல காட்டுங்க" என்றார் டாக்டர்.

மனநலப் பிரிவில் ஒரே ஒரு டாக்டர். அவருக்கு முன்னால் ஊரில் பாதிப் பேர். மிஸ்ஸுக்கு மூன்று மாதம் கழித்து ஒரு தேதி கொடுத்தார்கள். மூச்சு விட முடியவில்லை என்று வந்தவளிடம் மூன்று மாதம் கழித்து வந்து விடச் சொன்ன மாதிரி இருந்தது அவளுக்கு.

தேதியைக் குறித்துக் கொடுத்த சிஸ்டர் அவளை உட்காரவைத்துப் பேசினார். நடுத்தர வயது, குரலில் நாள்பட்ட சளி.

"தேதி தூரமாத்தான் இருக்கு. என்னால மாத்த முடியாது. அதுவரைக்கும் சும்மா இருக்காதீங்க. தூங்கற நேரத்தையும் சாப்பிடற நேரத்தையும் மாத்தாதீங்க. காப்பியைக் குறைங்க. தினம் கொஞ்சம் நடங்க. மூச்சு முட்டும்போது, இழுக்கறதைவிட விடறதை நீளமா விடுங்க. நம்பற ஒருத்தர்கிட்ட விஷயத்தைச் சொல்லி வைங்க, தனியா வச்சுக்காதீங்க."

"சரிங்க சிஸ்டர்."

"இன்னொண்ணு. உயிரோட இருக்க வேண்டாம்னு எப்பவாவது தோணிச்சுன்னா, அதுக்கு இந்தத் தேதி கிடையாது. அன்னைக்கே வரணும். எந்நேரமானாலும்."

மிஸ் தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். இவ்வளவுதானா என்று ஏமாற்றமாக இருந்தது. நட, தூங்கு, பேசு. இதைச் சொல்ல வெள்ளை உடுப்பு எதற்கு? பாவம் சிஸ்டர், ஒரு கறுப்புக் கல்லாவது வைத்திருக்கலாம். இருட்டு அறை, மணி, சிவப்பு விளக்கு ஏதாவது ஒன்று இருந்திருந்தால், அதே வார்த்தைகளைக் கேட்கத் தெருக்கோடி வரை ஆள் நின்றிருக்கும்.

வெளிப் பெஞ்சில் சலூன்காரர் உட்கார்ந்திருந்தார். மிஸ்ஸின் தெருமுனையில் கடை வைத்திருப்பவர். பார்த்த பழக்கம் உண்டு, பேசிய பழக்கம் இல்லை. அவர் ஒரு வருஷமாக இங்கே மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறார். மாத்திரையை மாற்றலாமா என்று பார்க்க அவருக்கும் ஒரு தேதிக்குக் காத்திருப்பு.

"உங்களுக்கும் தேதியாம்மா?"

"ஆமாண்ணே. மூணு மாசம்."

"பரவாயில்லையே. எனக்கு நாலு." கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

அன்றிலிருந்து இருவரும் சில காலைகளில் சேர்ந்து நடந்தார்கள். தங்கள் வியாதியைப் பற்றி அதிகம் பேசவில்லை. சலூன்காரர் வழியில் எதிர்ப்படும் தலைகளை விமர்சித்துக்கொண்டே வருவார். "அது எங்க வெட்டினதுன்னு தெரியலை, வெட்டினவன் தப்பிச்சுட்டான்" என்பார். மிஸ்ஸுக்குச் சிரிப்பு வரும். சிரிப்பு வந்த நாளில் மூச்சு முட்டல் கொஞ்சம் தாமதமாக வந்தது. ஆனால் வந்தது.

அண்ணன் வீட்டு மாடியில்தான் மிஸ் தனியாகக் குடியிருந்தாள். வகுப்புக்குப் போகாமல் அவள் கதவைச் சாத்திக்கொண்டு கிடப்பதைப் பார்த்த அண்ணிக்கு மனசு கேட்கவில்லை.

"மூணு மாசம் கழிச்சு வர்ற டாக்டருக்காக உன் கவலை மூணு மாசம் உக்காந்திருக்குமா? என் ஃபிரண்டு போயி இறக்கிட்டு வந்தா. முகத்துல என்ன களைங்கற. நீ சும்மா வா."

"அண்ணி, கவலைக்கு எல்லாம் எடை இருக்கா?"

"இருக்கப் போயித்தானே பாரம்னு சொல்றோம்?"

மொழியே ஐயாவின் கட்சியில் இருந்தது. கூடவே, மூச்சு முட்டுகிறவனுக்கு ஜன்னல் எந்தத் திசையில் இருந்தால் என்ன? போனாள்.

சிவப்பு மெஷினில் ஏறினாள். இருட்டு அறைக்குள் போனாள். கல் குளிர்ச்சியாக இருந்தது. முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு லாரியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். அதன் சக்கரம் கண்ணாடிக்குப் பக்கத்தில் எவ்வளவு பெரிதாகத் தெரிந்தது என்று சொன்னாள். தன் கால் அன்றைக்கு ஒரு கணம் தாமதித்ததாகவே இன்னும் தோன்றுவதைச் சொன்னாள். இதை அவள் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. தேம்பித் தேம்பி அழுதாள். மணி அடித்தது. வெளியே வந்து பச்சை மெஷினில் ஏறினாள்.

"இறங்கிடுச்சு."

உண்மையில் இறங்கித்தான் இருந்தது. அன்றிரவு நன்றாகத் தூங்கினாள். இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். அவளுக்குக் கிடைத்த ஆறுதல் பொய் இல்லை. பூட்டி வைத்ததை வாய்விட்டுச் சொல்லி அழுதால் யாருக்கும் மனம் லேசாகும். அண்ணியின் தோளில் அழுதிருந்தாலும் ஆகியிருக்கும். ஆறுதல் அவளுடைய சொந்தச் சரக்கு. அதை அவளிடமே விற்றதுதான் ஐயாவின் சாமர்த்தியம்.

சில நாளில் மூச்சு முட்டல் திரும்பி வந்தது. மறுபடியும் மாடிக்கு ஓடினாள். ஐயா பாதிக் கண்ணால் அவளைப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரித் தேதி வச்சிருக்கியாம்மா?"

"ஆமாங்கய்யா."

"அதான். ஒரு பாரத்துல ரெண்டு பேர் கை வச்சா நடுவுலயேதான் நிக்கும். இங்க கல்லுல இறக்கி வைக்கறே, அங்க தேதியில ஏத்தி வைக்கறே. சந்தேகத்துக்கும் எடை உண்டும்மா."

"அதுக்கு என்னங்கய்யா பண்ணணும்?"

"விட்டுடு. தேதியை ரத்துப் பண்ணிடு. மாத்திரை கீத்திரை இருந்தா அதையும் விட்டுடு. அந்தப் பொண்ணே போன் போட்டுக் குடுக்கும், நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

வேலை பார்க்கும் பெண் தயாராக போனை நீட்டினாள். என்ன ஒரு சேவை. வேறு யாரிடமும் போய்க் காட்டாதே என்று சொல்லும் கடைக்காரரை நாம் சந்தேகப்படுவோம். ஐயா சொன்னால் கண்ணீர் விடுவோம்.

மிஸ்ஸின் கை போன்வரை போய்விட்டது. ஏனோ திரும்பி வந்தது. "நாளைக்குச் சொல்றேங்கய்யா" என்றாள். சலூன்காரரும் கொஞ்ச நாளாக ஐயாவிடம் வந்துகொண்டிருந்தார். தேதியை ரத்துச் செய்துவிட்டார், மாத்திரையையும் விட்டுவிட்டார் என்று அண்ணி சொல்லியிருந்தாள். அவர் காலை நடைக்கு வராமல் போனதும் அதனால்தான் இருக்க வேண்டும். குணமாகிவிட்டவர் எதற்கு நடக்கப்போகிறார்? அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு முடிவு செய்யலாம் என்று நேராக அவர் கடைக்குப் போனாள்.

மத்தியானம். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனாள். வாடிக்கையாளர் உட்காரும் நாற்காலியில் சலூன்காரரே உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்தவர் தலையைப் பற்றி அத்தனை பேசியவரின் தாடி கன்னம் முழுக்க மண்டிக் கிடந்தது.

"என்னண்ணே, கடை திறக்கலையா?"

"கடை திறந்துதாம்மா இருக்கு. நான்தான் திறக்கலை."

"உடம்பு சரியில்லையா?"

"மாத்திரையை விட்டதுலேருந்து தூக்கமே இல்லை. தலைக்குள்ள ஷாக் அடிக்கற மாதிரி இருக்கு. ஐயாகிட்ட சொன்னேன். பாரம் போகுது, அப்படித்தான் இருக்கும்னார். போகுது போகுதுங்கறார். போறது நான்தானோன்னு இருக்கும்மா."

மிஸ்ஸின் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. கீழே பிரேக் இல்லை. கேட்கலாமா கூடாதா என்று ஒரு நிமிஷம் தடுமாறினாள். கேட்டால் இல்லாத நினைப்பை நாமே விதைத்துவிடுவோமோ என்று பயமாக இருந்தது. சிஸ்டர் அன்று எந்தச் சுற்றிவளைப்பும் இல்லாமல் தன்னிடம் சொன்னது நினைவுக்கு வந்தது. அந்த வார்த்தையைக் கேட்டு அவள் ஒன்றும் ஆகிவிடவில்லை.

"அண்ணே, நேராவே கேக்கறேன். செத்துடலாம்னு தோணுதா?"

அவர் கண்ணாடியில் இருந்த அவளைப் பார்த்தார்.

"கொஞ்ச நாளா" என்றார். பிறகு முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். "யாராவது கேக்க மாட்டாங்களான்னு இருந்துச்சும்மா."

மிஸ் அவரைத் தனியே விடவில்லை. அங்கிருந்தே அவர் மனைவிக்கு போன் செய்து வரவழைத்தாள். ஷட்டரை இழுத்துப் பூட்டினாள். சாவியை மனைவியின் கையில் கொடுத்து, "கொஞ்ச நாளைக்கு இது உங்ககிட்டயே இருக்கட்டும் அக்கா" என்றாள். ஆட்டோ ஒன்றும் தென்படவில்லை. அவள் வீட்டு வாசலில் டிரைவிங் ஸ்கூல் கார் தூசி படிந்து நின்றது. லாரி நாளுக்குப் பிறகு அவள் அதைத் தொட்டதே இல்லை. இருவரையும் ஏற்றிக்கொண்டு கிளப்பினாள்.

ஆஸ்பத்திரிக்கு ரவுண்டானா வழியாகத்தான் போக வேண்டும். அது கண்ணில் பட்டதுமே நெஞ்சு முறுக்க ஆரம்பித்தது. காரை ஓரம் கட்டினாள். பக்கத்தில் இருந்த சலூன்காரர் தன் துன்பத்திலிருந்து மெல்லத் தலையை வெளியே நீட்டினார்.

"நீளமா விடும்மா. அவசரம் இல்லை. இன்னும் நீளமா."

விட்டாள். மறுபடி விட்டாள். நெஞ்சு முழுக்க விடுபடவில்லை. ஆனால் கார் ஓட்டும் அளவுக்கு விடுபட்டது. ஓட்டினாள்.

சிஸ்டர் அவர் முகத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். மிஸ் இரண்டு வரியில் விஷயத்தைச் சொன்னாள். வரிசையில் இருந்தவர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு அவரை நேராக டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தியதுதான் தலைக்குள் அடித்த ஷாக் என்றார் டாக்டர். நிறுத்துவதென்றால்கூடப் படிப்படியாகத்தான் நிறுத்த வேண்டுமாம். வார்டில் படுக்கை கொடுத்தார்கள். எடை பார்த்தார்கள்.

எண்ணைப் பார்த்த சலூன்காரர் முனகினார். "அங்க ரெண்டு கிலோ இறங்கினேனே. பழைய எடையே இருக்கு."

"எங்க இறங்கினீங்க?" என்றார் சிஸ்டர்.

மிஸ் பாரம் ஐயாவின் முறையை விளக்கினாள். சிஸ்டர் இருமிக்கொண்டே கேட்டார். முடிவில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"முதல்ல ஏறின மெஷின்லயே திரும்ப ஏறிப் பாக்கறதுக்கு என்னம்மா?"

ஹாலில் கை தட்டிய அத்தனை பேரில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. மிஸ்ஸுக்கும்தான். முகம் சுட்டது. அடுத்து வந்தது கோபம். மூச்சு முட்டாமல் நீண்ட நாளைக்குப் பிறகு வந்த சுத்தமான கோபம். உடம்புக்கு நன்றாகவே இருந்தது.

வீட்டுக்கு வந்து அண்ணியிடம் சொன்னாள். அண்ணி அசையவில்லை. "சலூன்காரருக்கு நம்பிக்கை குறைவா இருந்திருக்கும். அதான் பலிக்கலை."

"அப்படியா? அப்ப ஞாயித்துக்கிழமை வாங்க அண்ணி. புதுசா ஒரு பேஷண்டைக் கூட்டிட்டுப் போறேன்."

அண்ணிக்குச் சந்தோஷம். கண்ணாடிக் கடை வாசலில் இறங்கி, மிஸ் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி டயரை வெளியே உருட்டும்வரை அந்தச் சந்தோஷம் நீடித்தது.

"என்னடி இது?"

"பேஷண்ட்."

"விளையாடறியா? ஐயா முன்னாடி மானத்தை வாங்கிடாதே."

"ஒரு பக்கம் பிடிங்க அண்ணி, கனமா இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை என்பதால் கூட்டம் பிதுங்கியது. டயரைக் கண்டதும் வழி தானாகக் கிடைத்தது. ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்துச் சிலர் பயபக்தியோடு ஒதுங்கவும் செய்தார்கள். மிஸ் அதைச் சிவப்பு மெஷினில் கிடத்தினாள்.

"மேடம், மனுஷங்களுக்கு மட்டும்தான்" என்றாள் வேலை பார்க்கும் பெண்.

"பாரம்தானேம்மா நிறுக்கறீங்க. இதுக்கு எவ்வளவுன்னு தெரிஞ்சுட்டுப் போறேன். எண்ணைப் படி."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. சிலர் தாங்களே உரக்கப் படித்தார்கள். பதினாறு கிலோ. மிஸ் திரைப்பக்கம் போகவில்லை. ஹாலின் குறுக்கே டயரை உருட்டிக்கொண்டு போய்ப் பச்சை மெஷினில் கிடத்தினாள். பதினாலு கிலோ.

சிரிப்பு நின்றது.

"ஐயா கை வைக்கலை" என்றாள் மிஸ். வகுப்பில் பேசும் அதே நிதானம். "கல்லுல நெத்தி வைக்கலை. அழவும் இல்லை. ரெண்டு கிலோ இறங்கிடுச்சு. ஸ்டெப்னிக்கு என்னங்க கவலை?"

பின்னாலிருந்து ஒரு பக்தர் விடவில்லை. "எப்பவும் டிக்கிக்குள்ளயே போட்டு வைக்கறாங்கன்னு அதுக்கும் வருத்தம் இருக்கும்ல?" அவர் கேலி செய்யவில்லை, நிஜமாகவே கேட்டார். அறிவைக் கழற்றிக் கொடுத்துவிட்டால் திரும்ப வாங்குவது அவ்வளவு லேசு இல்லை.

சத்தம் கேட்டு ஐயா திரையை விலக்கிக்கொண்டு வந்தார். பாதி மூடிய கண் முழுசாகத் திறந்திருந்தது.

"அம்மா, இந்த ஹால்ல எத்தனை பேரோட கண்ணீர் இருக்கு. அந்த அதிர்வுல எது வந்தாலும் லேசாயிடும்."

"சரிங்கய்யா. அப்ப இங்கேருந்து திரும்ப அங்க போனா இன்னும் லேசாகணும்." டயரைத் திரும்ப உருட்டிச் சிவப்பு மெஷினில் போட்டாள். பதினாறு. "ஏறிடுச்சே. உருட்டினதுல மனசு நொந்துடுச்சோ?"

இந்தத் தடவை சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. ஒரு பருத்த மனிதர் மற்றவர்களைத் தள்ளிக்கொண்டு வந்து சிவப்பில் ஏறினார், பச்சையில் ஏறினார். இரண்டு கிலோ. ஓர் அம்மா தன் கைப்பையை வைத்துப் பார்த்தாள். இரண்டு கிலோ. மூலையில் இருந்த தண்ணீர் கேனைத் தூக்கி வந்தார்கள். அதுவும் மனபாரம் இறங்கி நிம்மதி அடைந்தது.

"ஐயா, நீங்களும் ஏறுங்க" என்றாள் மிஸ். "எல்லார் கவலையையும் இறக்கற உங்களுக்குக் கவலையே கிடையாதே. உங்க எடை ரெண்டுலயும் ஒண்ணாத்தானே இருக்கணும்?"

"குருவை நிறுக்கறது பாவம்மா."

"இத்தனை பேரை நீங்க நிறுத்தீங்களே" என்று ஒரு குரல். அது அண்ணியின் குரல் என்று உணர மிஸ்ஸுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அண்ணி முன்னால் வந்து நின்றாள். தோழி சொன்னதை நம்பியவள், நாத்தனாரைக் கூட்டி வந்தவள், சலூன்காரரின் நம்பிக்கையைக் குறை சொன்னவள். முகம் வெளுத்திருந்தது. "ஏறுங்கய்யா."

கூட்டமே நெருக்கியதில் ஐயா ஏறித்தான் ஆக வேண்டியிருந்தது. சிவப்பு. பிறகு பச்சை. எண்ணைப் படிக்க யாரும் வாயைத் திறக்கவில்லை. வேலை பார்க்கும் பெண் மட்டும் பழக்க தோஷத்தில் படித்துவிட்டாள்.

"இறங்கிடுச்சு."

பிறகு அவளே கையிலிருந்த போனை மேஜையில் வைத்தாள். "இது முன்னாடி உடம்பு இளைக்க வைக்கற சென்டர்ங்க. இதே ஹால், இதே ரெண்டு மெஷின். அப்பவும் வந்தவங்களுக்கு ரெண்டு கிலோதான் குறையும். இளைக்கற பவுடர் வியாபாரம் படுத்துடுச்சு. அப்புறம்தான் சார் ஐயா ஆனார். எனக்கு வேலை போயிடும்னு வாயை மூடிட்டு இருந்தேன்."

இரண்டு பேர் ஐயாவின் ஜிப்பாவைப் பிடித்தார்கள். மிஸ் குறுக்கே போனாள்.

"அடிக்க வேண்டாம். நிறுத்தாச்சு, போதும். அடிச்சா நாளைக்கு அவர் தியாகி ஆயிடுவார். யாரெல்லாம் தேதியை ரத்துப் பண்ணினீங்க? யாரெல்லாம் மாத்திரையை விட்டீங்க? அவங்க முதல்ல என்கூட வாங்க."

ஒரு கை உயர்ந்தது. அப்புறம் இன்னொன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாதி ஹால் கையைத் தூக்கியிருந்தது. அந்தக் காட்சிதான் மிஸ்ஸை உலுக்கியது. எத்தனை சலூன்காரர்கள்.

ஆஸ்பத்திரிச் சுவருக்கு முதுகைக் காட்டி நின்ற கூட்டம் சுவரைச் சுற்றி முன்வாசலுக்குப் போனது. சிஸ்டர் வாசலில் நின்று பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். மாத்திரையை விட்டவர்களை அன்றே பார்த்தார்கள். தேதியை விட்டவர்களுக்குப் புதுத் தேதி கிடைத்தது. பழையதைவிடத் தள்ளித்தான். மேலிடத்திலிருந்து அதிகாரிகள் வந்து, 'போலிகளை நம்பாதீர்' என்று பெரிதாக ஒரு பலகை மாட்டிவிட்டுப் போனார்கள். இன்னொரு டாக்டரைத்தான் மாட்ட மறந்துவிட்டார்கள். மூன்று மாத வரிசை இருக்கும்வரை இப்படி ஓர் ஐயாவுக்கு மாடி வாடகைக்குக் கிடைத்துக்கொண்டேதான் இருக்கும் என்பது அவர்கள் பலகையில் எழுதாத விஷயம்.

ஐயாவைப் போலீஸ் கூட்டிப் போனது, விசாரித்தது, ஜாமீனில் விட்டது. இப்போது வேறொரு ஊரில் கெட்ட நேரத்தைச் சலவை செய்து தருகிறாராம். அங்கேயும் கூட்டம் என்று கேள்வி.

சலூன்காரர் வார்டிலிருந்து வந்து கடையைத் திறந்தார். முதலில் தன் தாடியை எடுத்தார். காலை நடையில் இப்போது ஏழெட்டுப் பேர் சேர்ந்துகொள்கிறார்கள். அண்ணியும் வருகிறாள். எல்லோருக்கும் எல்லா நாளும் நன்றாக இருப்பதில்லை. வராதவர் வீட்டுக் கதவை யாராவது ஒருவர் போய்த் தட்டுகிறார்.

மிஸ் வகுப்புகளுக்குத் திரும்பிவிட்டாள். ரவுண்டானாவில் நெஞ்சு இன்னும் சில நாள் முறுக்குகிறது. ஓரம் கட்டி, நீளமாக மூச்சை விட்டுவிட்டுப் போகிறாள். அவளுடைய தேதி ஒருவழியாக வந்தது. டாக்டர் நிதானமாகக் கேட்டார், அவள் லாரியைப் பற்றிச் சொன்னாள், அடுத்து என்ன செய்யலாம் என்று இருவரும் பேசினார்கள். கல் இல்லை. மணி இல்லை. கை தட்ட ஆளில்லை.

மனம் சோர்ந்தவர்கள் காத்திருக்க நேர்வது கொடுமைதான். ஆனால் டாக்டர் வரும்வரை அறிவுக்கும் லீவு கொடுத்துவிட வேண்டும் என்று இதுவரை எந்த டாக்டரும் எழுதிக்கொடுத்ததில்லை.